வாழைக்கு வெட்டிய குழி

திருவரங்குளத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோட்டில், ஊர் தொடங்குவதற்கு முன்பே முகாம் வந்துவிடும். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிற முகாம். பலகையில் இப்போது ‘மறுவாழ்வு முகாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கேம்ப்’ என்றால் போதும், பஸ் நிற்கும். அந்தக் கேம்பின் பின்பக்கச் சுவரும் எங்கள் ஒன்றரை ஏக்கரும் ஒரே வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த நிலம் முழுக்கத் தைல மரம். மாமனார் போட்டது. தைல மரத் தோப்புக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே காலடியில் எதுவும் முளைக்காது, தலைக்கு மேல் எதுவும் கூடு கட்டாது. மாமனார் காலமான பிறகு, குவைத்தில் இருக்கும் என் கணவர் போனிலேயே பேசி மரத்தை வெட்டக் கொடுத்தார். வேர்க்கட்டைகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கி வரப்போரம் குவித்தோம். மரம் போன பிறகாவது குருவி வரும், காக்கா வரும் என்று பார்த்தேன். வரவில்லை. செம்மண் வெறுமையாகக் கிடந்தது. பட்டப்பகலில் அதன் நடுவில் நின்றால், காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த இடத்தை வேகமாகக் கடந்து போவார்கள். கேட்டால், “இங்கிட்டு என்னத்த மேய்க்க?” என்பார்கள். மேய்ச்சல் இல்லாதது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

புதுக்கோட்டையில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு நடத்திய பெர்மாகல்ச்சர் பயிற்சிக்குப் போனேன். மரம், செடி, தண்ணீர், கோழி, குப்பை என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று உதவுகிற மாதிரி அமைக்கிற தோட்ட முறை. பயிற்சி கொடுத்தவர் ஒருநாள் என் நிலத்தைப் பார்க்க வந்தார். கேம்பின் குளியலறைத் தண்ணீர் சுவரோரம் பச்சையாகத் தேங்கி, என் வரப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் முகாம்காரர்களோடு சண்டை போட்டிருந்த சமயம். அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒங்க நெலத்துக்குத் தண்ணி இல்ல. அவங்க தண்ணிக்குப் போக்கிடம் இல்ல. நடுவுல ஒரு செவுருதானங்க இருக்கு?” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முகாம் நிர்வாகத்தில் அனுமதி வாங்கினோம். சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவு வழி விட்டார்கள். கேம்பிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். நிலம் என்னுடையது, தண்ணீரும் உழைப்பும் அவர்களுடையது, விளைச்சலில் பெரும்பங்கு அவர்களுக்கு என்று பேச்சு. கேம்ப் வீடுகளில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கக்கூட இடம் கிடையாது. சிலர் வாசலில் பெயின்ட் வாளியில் மிளகாய்ச் செடி வைத்திருப்பார்கள். மண்ணைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை அவர்கள் சுவர் வழியே நிலத்துக்குள் வந்ததை நான் எதிர் வரப்பில் நின்று பார்த்தேன். எதிரே திறந்த வெளி. யாரும் எப்படியும் நடக்கலாம். ஆனால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன்னால் போனவர் கால் வைத்த தடத்திலேயே பின்னால் வந்தவர் கால் வைத்தார். பேச்சு எதுவும் இல்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். என் அருகில் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள் நடந்து வந்த மாதிரி ஒற்றைத் தடம் கிடந்தது.

அவர்களில் மூத்தவர் ஐம்பது தாண்டியவர். முல்லைத்தீவுப் பக்கம். கடைசிச் சண்டை முடிந்து, அங்கே தடுத்து வைத்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்து, தனியாகப் படகேறி வந்தவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது மண்வெட்டியைப் போடுவதற்கு முன்பு ஒரு குச்சியால் மண்ணை மெல்லக் குத்திப் பார்ப்பார். குத்தி, ஒரு நொடி காத்திருந்து, பிறகுதான் வெட்டுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“மிதிவெடி பழக்கம், தங்கச்சி. இஞ்ச ஒண்டும் இல்லையெண்டு தெரியும். கைக்குத் தெரியாது” என்றார்.

இளையவள் முகாமில் பிறந்தவள், அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சும் அவர்கள் பேச்சும் கலந்து பேசுவாள். அவளும் அந்த ஒற்றைத் தடத்தில்தான் நடந்தாள்.

ஐப்பசி மழையில் மண் இளகியதும் வாழைக் குழிகள் வெட்டத் தொடங்கினோம். வட்டமான குழி, இடுப்பளவு ஆழம், கிண்ணம் மாதிரி. அதற்குள் இலை தழையும் குப்பையும் சாணமும் போட்டு நிரப்பி, விளிம்பைச் சுற்றி வாழை வைக்க வேண்டும். கேம்புத் தண்ணீர் சின்ன வாய்க்காலில் வந்து ஒவ்வொரு குழியாக இறங்கும். அழுக்குத் தண்ணீரை வாழை குடித்துக்கொள்ளும். தரையில் குச்சி நட்டு, கயிறு கட்டி, ஆளுக்கொரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். அக்கா தெற்கு மூலையை எடுத்துக்கொண்டார். பெரிய வேர்க்கட்டை ஒன்றை ஜேசிபி பிடுங்கிய இடம் அது. மண் பொலபொலவென்று இருக்கும்.

மறுநாள் எனக்கு மீமிசலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி, காலையில் நேரே நிலத்துக்குப் போனேன். வட்டக் குழிகள் தயாராக இருந்தன. மற்ற ஐந்து பெண்களும் தெற்கு மூலையில் நின்றிருந்தார்கள். நான் வருவதைப் பார்த்தும் யாரும் அசையவில்லை.

அங்கே இருந்தது வாழைக் குழி இல்லை. ஆள் உயரத்துக்குக் கீழே போயிருந்தது. நேராகக் கொஞ்ச தூரம் போய், கை முட்டி மடங்குகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. சுவர்களைச் செதுக்கி, ஈரக்கையால் தடவி வழவழப்பாக்கியிருந்தது. ஒரு பக்கச் சுவரில் விளக்கு வைக்கிற மாதிரி சின்ன மாடம். தைல மரத்தின் அறுந்த வேர்கள் மண்ணிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. இறங்குவதற்குப் படிகள். அந்தப் படிகள்தான் எனக்கு விசித்திரமாகப் பட்டன. மிகவும் தாழ்வாக, ஒரு சாண்கூட இல்லாமல், நெருக்க நெருக்கமாக வெட்டப்பட்டிருந்தன. பெரியவர்கள் இறங்கினால் கால் தடுக்கும்.

அக்கா குழிக்குப் பக்கத்தில் மண் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

“என்னக்கா இது?” என்றேன்.

“நான் வட்டமாத்தான் தொடங்கினனான், தங்கச்சி. பிறகு கை தன்ரபாட்டில வெட்டிக்கொண்டு போட்டுது.”

மற்றவர்களைப் பார்த்தேன். “பின்னேரம் நாங்கள் போகேக்க அவ சும்மாதான் வெட்டிக்கொண்டு நிண்டா. காலமை வந்து பாத்தா இப்பிடி” என்றார் ஒருவர்.

“இது பங்கர்தானே?” என்று கேட்டேன். பதுங்கு குழி என்று படித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் பங்கர் என்றுதான் சொல்வார்கள்.

முகாமில் பிறந்த பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாக, “மூடிருவோம்க்கா. பாத்தா என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். பிறகு பார்க்கலாம் என்றேன். அக்காவின் கையைப் பார்த்துவிட்டு அவரிடம் உடனே அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் முற்பகல். நல்ல வெயில். நான் வாய்க்கால் ஓரம் வெட்டிவேர் நட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் எனக்குப் பின்னால் அகத்திக் கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பயிற்சிக்கு வரும் போர் விமானங்கள் எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. சில நாள் திடீரென்று வானமே உடைந்த மாதிரி ஒரு சத்தம் வரும். ஜன்னல் அதிரும், நாய் குரைக்கும், சாயங்காலம் டிவியில் ‘மர்ம சத்தம்’ என்பார்கள். அன்றைக்கும் அப்படி ஒன்று வெடித்தது. பழக்கத்தில் நான் மேலே பார்த்தேன். நீல வானத்தில் ஒன்றும் இல்லை. “என்னா சத்தம் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

நிலத்தில் யாரும் இல்லை.

மண்வெட்டிகள் சாய்ந்து கிடந்தன. ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து தண்ணீர் கொளக் கொளக் என்று கொட்டிக்கொண்டிருந்தது. பாதி நட்ட அகத்திக் கன்று ஒன்று பையோடு சாய்ந்து நின்றது. சுவர் வழி தூரத்தில் இருந்தது. அவ்வளவு நேரத்துக்குள் யாராலும் அங்கே ஓடியிருக்க முடியாது. திரும்புவதற்குள் ஆறு பேர் மறைந்தது என் மூளைக்கு எட்டவேயில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது தரைக்குக் கீழிருந்து குரல் வந்தது.

“தங்கச்சி! ஏன் நிக்கிறியள்? கீழ வாங்கோ! கெதியா வாங்கோ!”

தெற்கு மூலைக்கு ஓடினேன். குழிக்குள் அவர்கள் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் மடக்கி, தலை குனிந்து, வெடிச்சத்தத்தில் செவிப்பறை கிழியாமல் இருக்க வாயைத் திறந்தபடி. முகாமில் பிறந்த அந்தப் பெண்ணும் அப்படியே இருந்தாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. மேலே தனியாக நிற்க முடியவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். அந்தத் தாழ்ந்த படிகளில் தடுக்கித் தடுக்கி இறங்கினேன். உள்ளே குளிர்ச்சி. ஈரமண் வாடையோடு தைல மரத்து வேரின் வாடை. மேலே இருந்த உலகம் ஒரு வானத் துண்டாகச் சுருங்கிவிட்டது. அக்காவின் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. அங்கே உட்காரப் போனேன்.

“அங்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தேன். அந்தக் காலி இடத்தின் மேல், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், விரல்களை விரித்துக் கவிழ்த்தபடி இருந்தது. ஏதோ ஒன்றை நிமிரவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிற கை. தசைகள் இறுகியிருந்தன. அந்தக் கைக்குக் கீழே வெறும் காற்று.

நான் தள்ளி உட்கார்ந்தேன். இடிக்காமல் இருக்க வேண்டும் என்று பாவாடையையும் சேலையையும் ஒதுக்கிக்கொண்டேன். யாருக்காக ஒதுக்கினேன் என்று அப்புறம் யோசித்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்தார், பிறகு மற்றவர்கள். அசட்டுச் சிரிப்போடு சேலையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். கவிழ்ந்த குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.

ஆனால் யாரோ பார்த்திருக்கிறார்கள். டீக்கடையில் பேச்சு ஆகிவிட்டது. கேம்ப்காரர்கள் பங்கர் வெட்டுகிறார்கள் என்று. சில நாளில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். போலீஸ்தான். மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர் குழியைச் சுற்றி வந்தார்.

“என்னத்துக்கும்மா இது?”

“வாழைக் குழிங்க. அங்கிட்டுப் பாருங்க, இதே மாதிரி அஞ்சு இருக்கு.”

“அது வட்டமால்ல இருக்கு. வாழைக்குப் படி எதுக்கும்மா?”

“எறங்கி எரு போடணும்ல.”

அவர் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். “இவ்வளவு சின்னப் படி யாருக்கும்மா?” என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியாது. அவர் காத்திருக்கவும் இல்லை. “சீக்கிரம் மூடிருங்க. இல்லாட்டி அவங்கள வெளிய வேலைக்கு அனுப்புறதுல சிக்கல் வரும். ஒங்களுக்கும் சங்கடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கேம்புக்குள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. தண்ணீர்க் குடம், அடுப்பு, மடித்து வைத்த பாய். எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். குழியை மூடச் சொல்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“எனக்கொரு மகன் இருந்தவன்” என்றார். “பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. படம் ஒண்டும் இல்லை, எல்லாம் அங்க போட்டுது. சரியான குழப்படி, ஒரு இடத்தில இருக்கமாட்டான். பங்கருக்குள்ள இருக்கேக்க தலையை நிமித்தி நிமித்திப் பாப்பான். நான் அமத்திப் பிடிச்சுக்கொண்டே இருப்பன். அண்டைக்குத் தண்ணி எடுக்க ஒருக்கா வெளிய போனனான். கிட்டத்தான் போனது. திரும்பி வரேக்க…”

தேநீர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“சனமெல்லாம் வெளிக்கிட்டுட்டினம். நிக்க ஏலாது. அவனை வெளிய எடுக்கவும் இல்லை. பங்கரையே மூடிப்போட்டு வந்திட்டன். கையாலதான் தள்ளினது. பாதி மூடினதோ முழுக்க மூடினதோ, எனக்கு இப்பவும் ஞாபகம் வருகுதில்லை.”

வெளியே யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழியை அப்படியே வைத்திருக்க முடியாதா என்று யார் யாரிடம் பேசலாம் என்று யோசித்தேன். அதை அவரிடமும் சொன்னேன்.

“வேண்டாம். மூடுவம்” என்றார். “ஆனா நான்தான் மூடுவன். அப்ப அவசரத்தில மூடினது. இப்ப ஆறுதலா மூடுறன்.”

அவர்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், நிதானமாக என்று அர்த்தம். தெரிந்திருந்தும், எங்கள் ஊர் அர்த்தத்தில்தான் அது என் காதில் விழுந்தது.

நாங்கள் அதை மண்ணைத் தள்ளி மூடவில்லை. ஒரு பெரிய வாழைக் குழியாகவே நிரப்பினோம். அடியில் தைல மரத்து வேர்க்கட்டைகளை அடுக்கினார் அக்கா. யாரையும் தூக்கிப் போடவிடவில்லை. ஒவ்வொன்றாக இறங்கி வைத்தார். அதற்கு மேல் தென்னை மட்டை, புங்கந்தழை, எருக்கு, ஆவாரை. சாணத்தைக் கரைத்து ஊற்றினோம். கேம்பில் வீட்டுக்கு வீடு காய்கறிக் கழிவு கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சருகு அள்ளி வந்தார்கள். சுவரில் இருந்த மாடத்துக்கு மட்டும் அக்கா நல்ல வைக்கோலாகத் தேடி எடுத்து அடைத்தார். ஒரு அடுக்குப் போட்டதும் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அடுத்தது. படிகளைக் கடைசியில்தான் நிரப்பினார். நாள் ஆனது. பைக்கில் வந்தவர்கள் மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். நிரம்பிக்கொண்டிருப்பதைக் கண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

மேலே மேடு கட்டி, மண் போர்த்தி, சுற்றிலும் மொந்தனும் கதலியும் வைத்தோம். சரிவில் பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேம்பும்.

மார்கழியில் ஒரு காலை, “மூலையில பொகையுதுக்கா, ஓடியாங்க!” என்று இளையவள் கத்திக்கொண்டு வந்தாள். போனேன். பனி மூட்டம். மற்ற குழிகள் சும்மா கிடந்தன. தெற்கு மேட்டின் மேல் மட்டும், மண் வெடிப்பு வழியாக, வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒரே சீராக இல்லை. விட்டு விட்டு, மூச்சு விடுவது போல. கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பயிற்சி கொடுத்தவருக்குப் போன் போட்டேன். “மக்குற சூடுதாங்க. நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க” என்றார். எனக்கும் அது தெரியும். உரக்குழியில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அக்காவைக் கூட்டிவரச் சொல்லி இளையவளை அனுப்பினேன்.

அக்கா மண்டியிட்டு இரண்டு கைகளையும் மேட்டின் மேல் வைத்தார். நெடுநேரம் எடுக்கவேயில்லை.

“உடம்பு சூடாத்தான் இருக்கு” என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலைக்குத் திரும்பினோம்.

பிறகு மேடு இறங்கத் தொடங்கியது. மக்கினால் இறங்கத்தான் செய்யும். ஆனால் மற்ற எல்லாக் குழிகளும் நடுவில் பள்ளமாக இறங்கின. அது மட்டும் தன் பழைய உருவத்துக்கு இறங்கியது. நேராகப் போய், முட்டி மடங்கின மாதிரி திரும்பி, ஓரத்தில் சின்னச் சின்னப் படிகளின் சாயல்கூடத் தெரியும்படி. தழை கொண்டுவந்து நிரப்புவோம். சில வாரம் கழித்து மறுபடி அதே உருவம் மண்ணில் எழும்பி வரும். என்ன போட்டாலும் விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் எங்களுக்குத் திகிலாக இருந்தது. அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் பெண்கள் வீட்டுக் கழிவைத் தனியாக மூலைக்கென்று எடுத்து வைத்தார்கள். “மூலைக்குக் குடுத்தாச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். சாப்பாடு கொடுத்தாயா என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

அந்த வாழைகள் வளர்ந்த வேகம் மற்றவற்றுக்கு இல்லை. அதே தண்ணீர், அதே கன்று. ஆழத்தில் அவ்வளவு தழை மக்கியிருந்தால் வேர் அப்படித்தான் போகும் என்பதற்கு மேல் நான் விளக்கம் தேடவில்லை. நிலத்துக்கு முதன்முதலில் பறவை வந்ததும் அங்கேதான். வாழைப்பூவுக்குத் தேன்சிட்டு வந்தது. அதன் பின்னால் மைனா, தவிட்டுக் குருவி. கோடையில் கேம்புக்கே தண்ணீர் லாரி வந்த நாட்களில் மற்றக் குழிகள் காய்ந்தன. மூலையில் மட்டும் எங்கிருந்தோ தவளை கத்தியது. தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் தாரை அக்காதான் வெட்டினார். சாக்கில் சுற்றிப் பழுக்க வைத்தார். பழுத்ததும் முகாமில் பால்வாடிக்குப் போகிற, பள்ளிக்கூடம் சேரப் போகிற பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டார். ஆளுக்கொரு கதலிப் பழம் கொடுத்து, தின்று முடிக்கிற வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை பாதியில் கீழே வைத்தது. “முழுக்கச் சாப்பிடு ராசா” என்று எடுத்து ஊட்டினார். ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு சீப்புக் கொண்டுபோனேன். “அந்த மூலைத் தாரா? எங்களுக்கு வேணாம்த்தா” என்று சொல்லிவிட்டார்கள். வற்புறுத்தவில்லை. நானும் என் பிள்ளைகளும் தின்றோம். கதலிப் பழத்தின் ருசிதான்.

அக்கா ஊருக்குத் திரும்ப மனுக் கொடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. முல்லைத்தீவில் அவருடைய தம்பி இருந்தார். மறுவருஷத் தை மாதம் பயணம் உறுதியானது. போகிற அன்று காலை நிலத்துக்கு வந்தார். மூலைக்குப் போய் ஒரு கூடைச் சருகு போட்டார். என்னிடம், “வாறன் தங்கச்சி” என்றார். அழவில்லை.

சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

“நாங்கள் இருந்த இடத்தைத் தேடிப் போனனான், தங்கச்சி. பிடிபடேல்லை. ஒரே பத்தைக் காடு. மரங்களும் வேற, ரோட்டும் வேற. தம்பி இஞ்சதான் எண்டுறான், பக்கத்துச் சனம் அங்கால எண்டினம். எங்க நிண்டு கும்பிடுறது?” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்குத் தெரிஞ்ச இடமெண்டால் அங்க உங்கட மூலைதான். அதை ஒருத்தரையும் கிண்ட விடாதேங்கோ.”

விடமாட்டேன் என்றேன்.

சித்திரையில் என் கணவர் குவைத்திலிருந்து லீவில் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து மலைத்துப்போனார். பப்பாளி, அகத்தி, வெட்டிவேர் வரிசை, சுவரோரம் முருங்கை. கேம்ப் பெண்களோடு பேசினார், அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். இப்படி விளைகிற நிலத்தில் கோடைக்குத் தண்ணீர் இல்லாமல் விடக்கூடாது, ஒரு போர்வெல் போட்டுவிடலாம் என்றார். எனக்கும் பெண்களுக்கும் அதில் சந்தோஷம்தான்.

குளத்தூரிலிருந்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் உள்ளங்கையில் உரித்த தேங்காய் ஒன்றைப் படுக்க வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் நடந்தார். வடக்கே போனார், தேங்காய் அசையவில்லை. நடுவில் கொஞ்சம் ஆடியது. நான் அவர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெற்கு மூலையை நெருங்க நெருங்க அவர் நடை மெதுவானது. வாழைகளின் நிழலில், அந்த மேட்டின் விளிம்பில் கால் வைத்ததும், படுத்திருந்த தேங்காய் உள்ளங்கையில் எழுந்து நேராக நின்றது.

“இங்க இருக்குங்க. நல்ல ஓட்டம். ஆழம்கூடப் போக வேணாம்” என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்கே வண்டிய வரச் சொல்லிருவோம்.”

“அந்த எடத்துல வேணாம்” என்றேன்.

“ஏன்?”

குழியைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் அவருக்குப் போனில் கொஞ்சம் சொல்லியிருந்தேன். முழுக்கச் சொன்னதில்லை. வாழை வேர் அறுந்துபோகும், இவ்வளவு நாள் போட்ட எரு வீணாகும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அங்க ஒரு புள்ள இருக்குங்க” என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. தேங்காய்க்காரர் மேட்டிலிருந்து காலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு யாரும் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொள்வதற்கு முன்பு திரும்பி நின்று ஒரு நொடி கையைக் கூப்பினார்.

என் கணவர் அன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போர் வண்டி வந்தது. தேங்காய் லேசாக ஆடிய நடு இடத்தில் துளை போட்டார்கள். செம்மண் வந்தது, பிறகு சுக்கான் கல், பிறகு நாளெல்லாம் பாறைப் பொடி வெள்ளையாகப் பறந்து இலைகளின் மேல் படிந்தது. சாயங்காலம் ஆகிற சமயத்தில் ஈரம் தட்டியது. தண்ணீர் கட்டைவிரல் தடிமனுக்கு வந்தது. லேசாக உவர்ப்பு.

“இது பத்துமா?” என்றார் என் கணவர்.

பெண்கள் குடங்களை எடுத்து வந்தார்கள். முதல் குடத்தை இளையவள் பிடித்தாள்.

“பத்தும்” என்றேன்.